காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரை

மாதக்கணக்கில் ஒருவர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் எங்கள் ஊர்ப் பக்கம் அதற்கு ஒரே அர்த்தம்தான். டி.பி. அப்பாவுக்கு அது இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்போம் என்று கணக்கே இல்லை. "சரி சரி, வெளியில சொல்ல வேண்டாம்னா விடு" என்று தலையை ஆட்டிவிட்டு, அப்பா குடித்த டம்ளரைக் கண்ணால் அளந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. முதலில் காட்டிய ஆஸ்பத்திரியே அப்படித்தான் நினைத்தது.

அப்பாவுக்கு வந்தது மெலியாய்டோசிஸ். பர்க்ஹோல்டெரியா சூடோமேலை என்ற பாக்டீரியாவால் வருவது. வெப்பநாடுகளின் மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அது பாட்டுக்கு வாழ்ந்துகொண்டிருக்கும். காலில் வெடிப்போ வெட்டுக்காயமோ இருந்தால் அதன் வழியாக உள்ளே வரும். புயல்மழைக் காற்றில் மூச்சு வழியாகவும் வரும், காய்ச்சாத தண்ணீரிலும் வரும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. டம்ளரைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

எங்களுக்கு மன்னார்குடிக்குத் தெற்கே ஆறு மா நிலம். அப்பாவுக்குச் சுகர் வந்து பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். மாத்திரை ஒழுங்காகப் போடுவார். ஆனால் ரத்தம் பார்ப்பது என்னவோ ஊரில் முகாம் போட்டால்தான். ஐப்பசி மழையில் சம்பா நடவு நடந்தபோது வழக்கம்போல ஆட்களோடு சேற்றில் இறங்கினார். அப்புறம் சில வாரங்களில் மாலை நேரக் காய்ச்சல், குளிர் நடுக்கம், இருமல். பக்கத்து டாக்டர் ஊசி போட்டார், ஐந்து நாள் மாத்திரை கொடுத்தார். குறையும், மறுபடி வரும். வேட்டி இடுப்பில் நிற்காத அளவுக்கு மெலிந்துபோனார்.

டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். வலது நுரையீரலின் மேல்பகுதியில் வெள்ளையாக ஒரு திட்டு. மாலைக் காய்ச்சல், எடை இழப்பு, இருமல், மேல்பகுதியில் திட்டு, கூடவே சுகர். இதையெல்லாம் வரிசையாக வைத்தால் எந்த டாக்டரும் முதலில் டி.பி. என்றுதான் சொல்வார். சளியில் கிருமி தெரியவில்லை. "சில பேருக்குத் தெரியாது, போட்டுப் பார்ப்போம்" என்று டி.பி. மாத்திரை ஆரம்பித்தார்கள். இந்த நோயைக் காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் மருந்து கொடுப்பது இந்தியாவில் புதிதல்ல, மருத்துவ இதழ்களில் அப்படிப்பட்ட நோயாளிகளின் கதைகள் எத்தனையோ வந்திருக்கின்றன. ஆனால் அது எங்களுக்கு அப்போது தெரியாது. காய்ச்சல் மட்டும் குறையவில்லை. இடது விலாவுக்குக் கீழே வலி வேறு சேர்ந்துகொண்டது.

வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேனில் மண்ணீரல் முழுக்க சின்னச் சின்னக் கறுப்பு வட்டங்கள், கல்லீரலிலும் இரண்டு மூன்று. எல்லாம் சீழ்க்கட்டிகள். ரத்தம் எடுத்து, அதில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். முந்தைய ஆஸ்பத்திரியிலும் கல்ச்சர் எடுத்திருந்தார்கள். 'சூடோமோனாஸ் இனம், வெளியிலிருந்து கலந்த மாசாக இருக்கலாம்' என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இங்கே அந்த ரிப்போர்ட்டை ஒருவர் எடுத்துக்கொண்டார். நுண்ணுயிரியல் துறை டாக்டரம்மா. அவர்கள் பொதுவாக வார்டுக்கு வருவதில்லை, லேபிலேயே இருப்பார்கள். அன்று அவரே படுக்கைக்கு வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அப்பாவிடம் இரண்டு கேள்வி கேட்டார். "வயல்ல இறங்குவீங்களா ஐயா? சுகர் எத்தனை வருஷமா இருக்கு?" அப்பா பதில் சொன்னதும் டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்தேன். விடை ஏற்கனவே தெரிந்த கணக்கைச் சரிபார்த்துக்கொண்டவர் போல இருந்தது.

எனக்குப் புரியும்படி அவர் சொன்னது இது. ரத்தத்தில் வளர்ந்த கிருமிக்கு எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்று பார்த்திருக்கிறார்கள். ஜென்டமைசினுக்கு அடங்கவில்லை. கடைசி ஆயுதமாக வைத்திருக்கும் கோலிஸ்டினுக்கும் அடங்கவில்லை. ஆனால் தெருமுனைக் கடையில் கிடைக்கும் அமாக்ஸிசிலின்-கிளாவுலனேட்டுக்கு அடங்குகிறது. ஆஸ்பத்திரிகளில் அடிக்கடி பார்க்கும் சூடோமோனாஸ் ஏருஜினோசாவின் குணம் இதற்கு நேர் எதிர். நுண்ணோக்கியில் இரண்டு முனையிலும் சாயம் ஏறி, நடுவில் வெளிறி, ஊக்கு மாதிரித் தெரிகிறது. இவையெல்லாம் சேர்ந்தால் சந்தேகம் வரவேண்டும் என்றார். இந்தக் கிருமிக்கென்றே ஆஷ்டவுன் என்பவர் ஆஸ்திரேலியாவில் உருவாக்கிய ஒரு வளர்ப்பு ஊடகம் இருக்கிறது. வயலட் சாயமும் ஜென்டமைசினும் கலந்தது, மற்றவை பெரும்பாலும் அதில் வளராது, இது வளரும். நாலு நாள் கழித்து அந்தத் தட்டைப் படமெடுத்துக் காட்டினார். ஊதா நிறத்தில், வறண்டு, பொரித்த அப்பளம்போல ஓரமெல்லாம் சுருங்கிக் கிடந்தன புள்ளிகள். மூடியைத் திறந்து முகர்ந்து பார்க்கக் கூடாது என்பதை லேபில் புதிதாகச் சேருபவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பார்களாம். மூச்சில் போனாலே தொற்றும்.

ஒரு தொழில் தெரிந்தவர் ஒரு தாளில் இருக்கும் எஸ் (மருந்துக்கு அடங்கும்), ஆர் (அடங்காது) என்ற எழுத்துகளைப் பார்த்து ஓர் உயிரைக் காப்பாற்றியதை நான் கண்ணால் பார்த்தேன். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தவர் என்று யாரும் கிடையாது. மருந்து எழுதிய டாக்டருக்கு நன்றி சொல்லப் போனோம். லேபுக்குப் போய் நன்றி சொல்லும் பழக்கம் நம் மக்களுக்கு இல்லை. நாங்கள் போனோம். அவருக்கே கொஞ்சம் கூச்சமாகிவிட்டது.

ராத்திரிகளில் அப்பா படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போனில் இந்த நோயைப் பற்றிப் படித்துக்கொண்டே இருந்தேன். 1911இல் ரங்கூனில்தான் இது முதலில் கண்டுபிடிக்கப்பட்டது. ஆல்ஃப்ரெட் விட்மோர் என்ற ஆங்கிலேய நோயியல் மருத்துவரும், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். ரங்கூனின் ஏழைகள், முக்கியமாக மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்கள், உடம்பெல்லாம் சீழ்க்கட்டிகளோடு செத்துப்போய்க்கொண்டிருந்தார்கள். குதிரைகளுக்கு வரும் கிளாண்டர்ஸ் என்ற நோய்போல இருந்தது. ஆனால் இவர்களுக்கும் குதிரைக்கும் சம்பந்தமில்லை. கிளாண்டர்ஸ் கிருமி அசையாது, இது நீந்தியது. 1912இல் இந்தியன் மெடிக்கல் கெசட்டில் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. பிற்பாடு நோய்க்கு 'விட்மோர் நோய்' என்று பெயர் வைத்தபோது மட்டும் கிருஷ்ணசாமி எங்கேயோ விடுபட்டுப்போனார்.

இதை 'அபூர்வ நோய்' என்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. 2016இல் வந்த ஒரு ஆய்வு, உலகம் முழுக்க வருடத்துக்கு சுமார் 1,65,000 பேருக்கு இது வருவதாகவும் 89,000 பேர் இறப்பதாகவும் மதிப்பிட்டது. அதில் பெரும்பங்கு தெற்காசியாவுக்கு. இலங்கையில் 1927லேயே ஒரு நோயாளியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள், கொழும்பில் தேயிலைத் தரகராக இருந்த ஓர் ஐரோப்பியர். வேலூர் சி.எம்.சி.யின் டி. ஜேக்கப் ஜானும் அவருடைய குழுவும் 1996இலேயே இந்தியாவில் நாம் பார்ப்பது பனிப்பாறையின் நுனி மட்டும்தானா என்று கேட்டு எழுதிவிட்டார்கள். 2021இல் அமெரிக்காவில் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு இந்த நோய் வந்தது. யாரும் வெளிநாடு போனவர்கள் இல்லை. இரண்டு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று குழந்தை. கிருமியின் மரபணுவைப் பிடித்துக்கொண்டே போய், கடைசியில் அறைக்கு வாசனை தெளிக்கும் ஒரு புட்டியில் அதைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் புட்டி இந்தியாவில் தயாரானது. நாலு பேருக்கு அங்கே அவ்வளவு தேடல். இங்கே நடவு முடிந்து காய்ச்சலில் விழும் சுகர்காரர் ஒருவருக்கு ரத்தக் கல்ச்சர் எடுப்பதே பெரிய விஷயம். எடுத்தாலும் மாசு என்று ஓரமாக வைத்துவிடலாம். தேடாத இடத்தில் எதுவுமே அபூர்வம்தான்.

சிகிச்சைக்கு வருகிறேன். அது இரண்டு பாகம். முதல் பாகம் ஊசி, இரண்டாவது மாத்திரை. முதல் பாகம் உயிரைக் காப்பாற்ற, இரண்டாவது நோய் திரும்பி வராமல் இருக்க.

ஊசிக்கு செஃப்டாஸிடிம் அல்லது மெரோபெனெம். செஃப்டாஸிடிமின் கதை 1989இல் வடகிழக்குத் தாய்லாந்தின் உபோன் ராட்சதானியில் நடந்த ஒரு ஆய்வில் தொடங்குகிறது. அதுவரை குளோராம்ஃபெனிகால், டாக்ஸிசைக்ளின், கோட்ரைமாக்ஸசோல் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுத்துவந்தார்கள். தீவிரமான நோயாளிகளில் நூற்றுக்கு 74 பேர் இறந்தார்கள். செஃப்டாஸிடிம் கொடுத்தவர்களில் அது 37 ஆனது. பாதிக்குப் பாதி. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்தில் 1989இலிருந்து வரும் ஒவ்வொரு நோயாளியையும் கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் அங்கே இறப்பு 31 சதவீதம். முப்பது வருடம் கழித்து 6 சதவீதம். இத்தனைக்கும் ஊசி மருந்துகள் அடிப்படையில் அவையேதான். சீக்கிரம் சந்தேகப்பட்டார்கள், சீக்கிரம் ஆரம்பித்தார்கள், நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மெரோபெனெம். எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. கை நரம்பெல்லாம் சீக்கிரமே வீங்கிப்போனதால், மேல்கையிலிருந்து இதயத்துக்குப் பக்கத்துப் பெரிய ரத்தக்குழாய் வரை போகும் மெல்லிய குழாய் ஒன்று போட்டார்கள். பிக் லைன் என்றார்கள். அதை நனைக்காமல் குளிக்கவைப்பது தனி வித்தை. அம்மா அரிசி வந்த பிளாஸ்டிக் பையை வெட்டிச் சுற்றி, மேலும் கீழும் ரப்பர் பேண்ட் போட்டு, மேலே ஒரு துண்டைக் கட்டுவார். நர்ஸ் பெண் அதைப் பார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்காரருக்கும் அப்படியே செய்யச் சொன்னாள்.

நோய் தெரிந்தாயிற்று, சரியான மருந்தும் போகிறது, இனி காய்ச்சல் நின்றுவிடும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. "மருந்து மாத்துங்க டாக்டர்" என்று அம்மா தினமும் கேட்டார். மெலியாய்டோசிஸில் சரியான மருந்து கொடுத்தாலும் காய்ச்சல் இறங்கச் சராசரியாக ஒன்பது நாள் ஆகும், உள்ளே சீழ்க்கட்டி இருந்தால் இன்னும் அதிகம் ஆகும் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். சொன்னது காதில் விழுந்ததுதான். ஆனால் ராத்திரி பதினொரு மணிக்கு மனிதர் கட்டிலோடு நடுங்கும்போது சராசரி எல்லாம் ஞாபகத்துக்கு வராது. அந்த நேரத்தில் மருந்தை மாற்றாமல் இருந்த டாக்டரின் பொறுமை பெரிது. மாற்றுவது சுலபம், எங்களுக்கும் திருப்தியாக இருந்திருக்கும்.

ஊசி எத்தனை வாரம் என்பதற்கு டார்வின்காரர்கள் வகுத்த கணக்கு ஒன்று இருக்கிறது. ரத்தத்தில் மட்டும் என்றால் குறைந்தது 2 வாரம். உள்ளுறுப்பில் சீழ்க்கட்டி என்றால் 4. எலும்பு என்றால் 6. மூளை என்றால் 8. இதில் ஒரு சின்ன விதி உண்டு. ஒரு வாரம் ஊசி போன பிறகும் கல்ச்சரில் கிருமி வளர்ந்தால், அந்த நாளிலிருந்து எண்ணிக்கை மறுபடி ஆரம்பம். அப்பாவின் அடுத்த கல்ச்சரிலும் வளர்ந்தது. அவருக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், "டாக்டர் இன்னும் கொஞ்ச நாள் போடணும்ங்கிறார்ப்பா" என்றேன். "எதை வச்சு எண்ணுறாங்க? என்னை வச்சா, கிருமிய வச்சா?" என்று கேட்டார். சரியான கேள்வி. கிருமியை வைத்துத்தான்.

நிலைமை கொஞ்சம் தேறியதும் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு நர்ஸிங் ஹோமுக்கு மாற்றிக்கொண்டோம். காலை ஆறு, மதியம் இரண்டு, ராத்திரி பத்து. அதே ஊசிதான், போட ஒரு நர்ஸ் இருந்தால் போதும்.

சாதாரண தொற்றுக்கு ஐந்து நாள், ஏழு நாள் என்று முடிகிறபோது இதற்கு மட்டும் ஏன் இப்படி? இந்தக் கிருமி நம் செல்களுக்கு உள்ளேயே புகுந்து குடியிருக்கத் தெரிந்தது. விழுங்கிக் கொல்ல வேண்டிய வெள்ளை அணுவுக்குள்ளேயே உயிரோடு இருக்கும். ஒரு செல்லிலிருந்து பக்கத்துச் செல்லுக்கு வெளியே வராமலே போகும், அடுத்தடுத்த செல்களை ஒட்டவைத்து ஒன்றாக்கிவிடும். ரத்தத்தில் ஓடும் மருந்துக்கும் எதிர்ப்பொருளுக்கும் எட்டாத இடம் அது. இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒருவருக்கு 62 வருடம் கழித்து இது வெளிப்பட்டதாக 2005இல் எழுதியிருக்கிறார்கள். அது மிக அரிதான சம்பவம். பெரும்பாலானவர்களுக்குத் தொற்றிய ஓரிரு வாரங்களிலேயே தெரிந்துவிடும். ஆனாலும் அந்தக் கதையைப் படித்த பிறகு மூன்று மாத மாத்திரை எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

அந்த மாத்திரை கோட்ரைமாக்ஸசோல். செப்ட்ரான் என்றால் எல்லோருக்கும் தெரியும், பழைய, மலிவான மாத்திரை. ஊசிக்கு ஆன செலவுக்குப் பிறகு இதன் விலையைக் கேட்டு அம்மா சந்தேகப்பட்டார், "இது நல்ல மருந்துதானா?" என்று. முன்பெல்லாம் இதோடு டாக்ஸிசைக்ளினும் சேர்த்துக் கொடுப்பார்கள். 2014இல் தாய்லாந்தில் அறுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்ததில், இது ஒன்றே போதும், நோய் திரும்புவது அதனால் கூடவில்லை என்று தெரிந்தது. பக்கவிளைவும் குறைவு. ஆகவே ஒரே மாத்திரை. ஆனால் அளவு பெரிது. மருந்துக்கடைப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, "அக்கா, யூரின் இன்ஃபெக்‌ஷனுக்கு ஒண்ணு ஒண்ணா அஞ்சு நாள் குடுப்போம். இது தப்பா எழுதியிருக்காங்க" என்றான். கேட்டானே என்று சந்தோஷப்பட்டேன். கேட்காமல் அள்ளிக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

அளவு எடையைப் பொறுத்தது. 60 கிலோவுக்கு மேல் என்றால் பெரிய மாத்திரை வேளைக்கு இரண்டு, அதற்குக் கீழே என்றால் ஒன்றரை. அப்பா அப்போது ஐம்பதுகளில் இருந்தார். தினமும் காலையும் இரவும் ஒரு மாத்திரையை அம்மா கத்தியால் இரண்டாக வெட்டுவார். பசி திரும்பி, சோறு இறங்க ஆரம்பித்து, எடை 60ஐத் தாண்டியதும் டாக்டர் வேளைக்கு இரண்டு முழுசாக்கிவிட்டார். அப்பாவுக்குக் கோபம். "உடம்பு தேறுனா மாத்திரை குறையும்னு பார்த்தா, கூடுது. இது எந்த ஊரு கணக்கு?"

இந்த மாத்திரையோடு வாழ்வது லேசில்லை. காலையில் எழுந்ததும் குமட்டும். சாப்பிட்ட பிறகு போட்டால் கொஞ்சம் பரவாயில்லை. ரத்த அணுக்கள் குறையலாம் என்று ஃபோலிக் ஆசிட் தினம் ஒன்று. சல்ஃபா மருந்து என்பதால், உடம்பில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொல்லியிருந்தார்கள். சிலருக்குத் தோலே உரிந்துபோகும் அளவுக்கு ஆபத்தாகும். இதனால் அப்பாவைக் கொசு கடித்தால்கூட நாங்கள் கூடி நின்று பார்ப்போம். முதல் வாரங்களில் அடிக்கடி ரத்தம் எடுத்து, கிட்னியின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தார்கள். பொட்டாசியம் ஏறியது. அந்த மருந்தின் குணம் அது. இளநீரிலும் பொட்டாசியம் நிறைய, உடனே அதற்குத் தடை.

டெல்டாவில் நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் கையில் என்ன இருக்கும்? இளநீர். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ஆறு மரம். வந்தவர்கள் வெட்டிக் கொடுக்கச் சொல்வார்கள், அம்மா வேண்டாம் என்பார், "சூட்டு மாத்திரை போடுற ஆளுக்கு இளநி குடுக்காம வேற என்ன குடுப்பே?" என்று சண்டைக்கு வருவார்கள். பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று எத்தனை முறைதான் விளக்குவது? கடைசியில் அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார். "டாக்டர் சத்தியம் வாங்கியிருக்கார்" என்பார். சத்தியத்துக்கு இருக்கிற மரியாதை பொட்டாசியத்துக்கு இல்லை.

கொஞ்ச நாளில் இன்னொரு விஷயமும் தெரிந்தது. சுகருக்குச் சாப்பிடும் சில பழைய மாத்திரைகளோடு கோட்ரைமாக்ஸசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும். அதனால் அவரை இன்சுலினுக்கு மாற்றிவிட்டார்கள்.

காய்ச்சல் நின்றது. எடை ஏறியது. முகத்தில் பழைய களை வந்தது. கஷ்டமான காலம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. நோய் இருக்கும்போது மருந்து சாப்பிடச் சொல்ல வேண்டியதில்லை, பயமே சாப்பிடவைக்கும். நன்றாக இருப்பவரைக் குமட்டும் மாத்திரை சாப்பிடவைப்பது வேறு வேலை. "நான் நல்லாத்தானே இருக்கேன்?" என்ற கேள்விக்கு ஸ்கேனைக் காட்டலாம், ஆனால் ஸ்கேனும் நன்றாகத்தான் இருந்தது. சுற்றியிருப்பவர்கள் வேறு. ஆன்டிபயாட்டிக் தேவையில்லாமல் சாப்பிடக் கூடாது என்று இப்போது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, நல்ல விஷயம்தான். அதையே எடுத்துக்கொண்டு, "இத்தனை நாள் சாப்பிட்டா இருக்கிற எதிர்ப்பு சக்தியும் போயிடும்" என்று போனில் அறிவுரை சொன்னார்கள். ஒரு சித்தப்பா கஷாயப்பொடி டப்பா ஒன்றை அனுப்பினார், மேலே கேடயம் போட்ட படம்.

மெலியாய்டோசிஸ் திரும்பி வருவதற்கு முக்கியமான காரணமாகச் சொல்லப்படுவது இந்த மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதுதான். திரும்பி வந்தால் மறுபடி ஊசியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். உயிருக்கும் ஆபத்து. இதை நான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்பதால் டாக்டரிடமே சொல்லச் சொன்னேன். அவர் புள்ளிவிவரம் எதுவும் சொல்லவில்லை. "ஐயா, களை எடுக்கிறப்ப வேரை விட்டுட்டு மேல மட்டும் அறுப்பீங்களா?" என்று கேட்டார். அப்பாவுக்கு அதற்குமேல் பேச ஒன்றும் இல்லை. எல்லா டாக்டர்களும் விவசாயியிடம் இப்படித்தான் பேசக் கற்றுக்கொண்டார்களா அல்லது இவர் மட்டும்தானா தெரியவில்லை, வேலை செய்தது.

அந்தக் கேடயம் போட்ட டப்பாவுக்கு வருகிறேன். எதிர்ப்பு சக்தி குறைந்தவர் என்றால் நம் மனதில் வருவது புற்றுநோய்க்கு மருந்து எடுப்பவர், கிட்னி மாற்றியவர், எச்.ஐ.வி. உள்ளவர். மெலியாய்டோசிஸைப் பொறுத்தவரை எச்.ஐ.வி. ஒரு பெரிய காரணமாகவே வரவில்லை என்பது ஆராய்ச்சியாளர்களுக்கே ஆச்சரியம். முதல் காரணம் சுகர். சர்க்கரை நோய் உள்ளவருக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 12 மடங்கு வரை அதிகம் என்கிறார்கள். நோய் வருபவர்களில் பாதிப் பேருக்குச் சுகர் இருக்கிறது. அதற்கு அடுத்து நாள்பட்ட கிட்னிக் கோளாறு, அளவுமீறிய குடி, பரம்பரை ரத்தசோகை நோயான தலசீமியா, நீண்டகாலம் ஸ்டீராய்டு. சுகர் ஏறிக் கிடக்கும் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் சரியாக நகர்வதில்லை, பிடித்ததைச் சரியாகக் கொல்வதில்லை. இந்தக் கிருமியை முதலில் எதிர்கொள்ள வேண்டியவை அவைதான்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவருக்குச் சுகர் இருக்கிறது. காபியில் சர்க்கரை வேண்டாம் என்பதற்கு மேல் யாரும் அதை ஒரு பலவீனமாக நினைப்பதில்லை. அப்பாவும் "சுகர் எல்லாருக்கும்தான் இருக்கு" என்றே பத்து வருடம் இருந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவருடைய மூன்று மாத சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) 11.4. காலில் வெடிப்பு, பாதத்தில் உணர்ச்சி குறைவு, முட்டிவரை சேறு. கிருமி உள்ளே வர இதைவிட வசதியான ஏற்பாடு இருக்க முடியாது. கஷாயப்பொடியில் சரியாகிற விஷயமில்லை இது. அந்த 11.4 இறங்குவதுதான் அவருக்கு எதிர்ப்பு சக்தி.

இதில் ஒரு வேடிக்கை. கிளிபென்கிளமைடு என்ற பழைய சுகர் மாத்திரையை, நம் ஊரில் டயோனில் என்பார்கள், ஏற்கனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மெலியாய்டோசிஸில் மற்றவர்களைவிடக் குறைவாக இறந்தார்கள் என்று 2011இல் தாய்லாந்து நோயாளிகளை வைத்து ஒரு ஆய்வு வந்தது. அழற்சியைக் குறைக்கும் குணம் அந்த மாத்திரைக்கு இருக்கிறதாம். அதற்காக யாரும் மாத்திரையை மாற்றிவிட வேண்டாம்.

வராமல் தடுக்கத் தடுப்பூசி இல்லை. வயலில் இறங்கும்போது முட்டிவரை பூட்ஸ், கையுறை, தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது, காயத்தை மூடுவது, புயல்மழையில் வெளியே நிற்காமல் இருப்பது என்று எழுதியிருக்கிறார்கள். ஊருக்கு ஒரு ஜோடி கம்பூட்ஸ் வாங்கிப்போனேன். வரப்பில் நடக்கப் பிரமாதம். சேறடித்த வயலில் இறங்கினால் கால் மட்டும் வெளியே வரும், பூட்ஸ் உள்ளேயே நிற்கும். நடவு நடும் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அறிவுரை எழுதுகிறவர்கள் ஒரு தடவையாவது புழுதி உழவுக்கும் சேற்று உழவுக்கும் வித்தியாசம் பார்த்துவிட்டு எழுதலாம்.

மாத்திரை ஒருவழியாக முடிந்தது. கடைசி ஸ்கேனில் மண்ணீரலில் சில தழும்புகள் மட்டும். டிஸ்சார்ஜ் தாளின் முதல் பக்கத்தில் நோயின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி டாக்டர் அடிக்கோடிட்டுத் தந்தார். இனி எந்தக் காய்ச்சலுக்கு எந்த டாக்டரிடம் போனாலும் இதை முதலில் காட்ட வேண்டும், ரத்தக் கல்ச்சர் எடுக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்ற பாதுகாப்பு இதில் கிடையாது. பழையது திரும்பலாம், வயலிலிருந்து புதிதாகவும் தொற்றலாம். தாளை லேமினேட் செய்து அம்மா பீரோவில் பட்டாவோடு வைத்திருக்கிறார். ஒரு நகல் என் போனில்.

வயலில் இனி இறங்கக் கூடாது என்பது வீட்டின் கட்சி. இறங்காமல் எப்படி என்பது அப்பாவின் கட்சி. பஞ்சாயத்து டாக்டரிடம் போனது. சராசரி 7.5க்குள் வந்து, கால் வெடிப்பு முழுசாக ஆறி, மழைநாளாக இல்லாமல் இருந்தால் யோசிக்கலாம் என்றார். "அப்ப குறுவைக்கு இறங்கலாம். மழை கிடையாது, ஆத்துத் தண்ணிதானே" என்று அப்பா உடனே கணக்குப் போட்டுவிட்டார். தண்ணீர் ஆற்றிலிருந்து வந்தாலும் மண் அதே மண்தான் என்று டாக்டர் சொன்னது அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை. அம்மா, "முதல்ல ரத்தம் குடுத்துட்டு வாங்க, அப்புறம் பேசலாம்" என்றார். போன வாரம் கொடுத்தார். 8.1. நாற்று விட ஆள் சொல்லியாகிவிட்டது. அப்பா இந்தக் குறுவைக்கு வரப்போடு சரி. அடுத்த டெஸ்ட் எப்போது என்று அவரே காலண்டரில் குறித்துவைத்திருக்கிறார்.